ஐந்து மிளகாயும் ஒரு கருநாகமும்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு, ரப்பர் தோட்டத்தின் பதினான்காம் பிரிவில், அதாவது தீம்பாரில், பால் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வலது கையில் பாம்பு கடித்தது.

2. அடுத்த மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார், சைக்கிள் டியூபைக் கிழித்து அந்தக் கையில் மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டினார்.

3. வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு புட்டி அம்மோனியாவைக் கடிவாயில் ஊற்றினார்.

4. விஷம் ஏறினால் காரம் தெரியாது என்பார்கள், அதைப் பார்க்க ஒரு ஊசி மிளகாய் கொடுத்தார்கள். காரமாக இருப்பதாக அக்கா சொன்னார். நம்பிக்கை வராமல் இன்னும் நான்கு கொடுத்தார்கள்.

5. தைரியத்துக்காக அரை கிளாஸ் சம்சு சாராயம் கொடுத்தார்கள்.

6. மண்டோர் பாம்பைத் தேடிப் பிடித்து, கம்பால் அடித்து, பால் வாளியில் போட்டு மூடினார். இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது.

7. கேட்டில் காவலர் வாளியைத் திறந்தார். பாம்பு சாகவில்லை.

8. பாம்பு காவல் கூண்டுக்குள் போனது. கூண்டுக்குள் இருந்த இரண்டு காவலர்களும் வெளியே வந்தார்கள்.

9. எட்டே கால் மணிக்கு அக்கா என்னிடம் வந்து சேர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், முன்பு மூன்று இடங்களில் இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். கம்பிக்கு ஒரே கேட். காலை ஆறு மணிக்குத் திறக்கும். வெட்டுக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்புவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சோற்றுப் பொட்டலம், அரிசி, பால் டின் எதையும் வெளியே விடமாட்டார்கள். திரும்பி வரும்போதும் சோதனை உண்டு. கம்பிக்குள்ளே, கேட்டிலிருந்து நூறு அடி தள்ளி, இரண்டு அறைகள் கொண்ட தோட்டத்து ஆஸ்பத்திரி. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது எனக்கு. தோட்டங்களில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ஐயாவுக்கு நான் உதவியாள். அவர் பொறுப்பில் மூன்று தோட்டங்கள். அன்று அவர் வேறு தோட்டத்தில் இருந்தார்.

தோட்டத்தில் நர்ஸ் எல்லோருக்கும் 'மிஸ்ஸி' என்றுதான் பெயர். தெமியாங்கில் இருந்த என் வீட்டில் என் மூக்குக் கண்ணாடியைப் பற்றி அம்மாவுக்குக் கவலை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கழற்றிவிடச் சொல்வார். தோட்டத்தில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. 'கண்ணாடிக்கார மிஸ்ஸி' என்று கூப்பிட்டால் நான்தான் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அந்த ஒன்பதில் ஆறாவதற்கு நானே காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். வேலைக்கு வந்த முதல் மாதமே, 'பாம்பு கடித்தால்' என்று தலைப்புப் போட்டு, ஆஸ்பத்திரிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். காலைப் பெரட்டுக்கு எல்லோரும் வந்து வரிசையில் நின்றபோது அதைப் படித்தும் காட்டினேன். முதல் வரி, கடிவாய்க்கு மேலே கட்டு. இரண்டாவது வரி, பதற்றப்படாதே. மூன்றாவது வரி, முடிந்தால் கடித்த பாம்பைக் கொண்டு வா. எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மருந்தைப் போட முடியும். 'முடிந்தால்' என்ற சொல்லை நான் நன்றாக அழுத்திப் படித்ததாகவே இன்றும் நினைக்கிறேன். கேட்டவர்கள் காதில் 'கொண்டு வா' மட்டும் தங்கியிருக்கிறது.

அக்கா வந்த கோலம் இப்படி இருந்தது. ஒரு பக்கம் நாத்தனார் பிடித்திருந்தார். மறுபக்கம் மண்டோர். தோட்டத்திலேயே மிக நேர்த்தியாகப் பால் வெட்டுகிறவர் அந்த அக்கா. மரப்பட்டையைச் சீவினால் சீவல் வெற்றிலைபோல் மெல்லிசாக விழும், உள்மரத்தில் கீறலே இருக்காது. துரையே புதிதாக வருகிற ஆட்களை அழைத்துப்போய் அவருடைய மரங்களைக் காட்டுவார். அந்தக் கையைத்தான் இப்போது தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கைக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, மணிக்கட்டில் ஒரு கட்டு. கை நீலம் பாரித்து, உப்பி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் வெந்து கொப்புளமாகியிருந்தது.

"மிஸ்ஸி, கத்தி புடிக்கிற கை மிஸ்ஸி," என்றார் அக்கா. சிரிப்பு நின்றுவிட்டது. "உசுரு போனாக்கூட பரவால்ல. கை மட்டும் வேணும்."

"உசுரு போனதுக்கு அப்புறம் கைய வச்சிகிட்டு என்னா அண்ணி செய்வ?" என்றார் நாத்தனார். அழுதுகொண்டேதான் கேட்டார்.

"ஏய், நீ சும்மா இரு. நீ கட்டுன கட்டுலதான் பாதி உசுரு போச்சு."

விழுந்து கிடந்த மங்கு ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது நடந்ததாம். ரப்பர் பால் வடிகிற அந்தச் சின்னக் கிண்ணத்தை மரத்தில் கம்பி வளையம் வைத்து மாட்டியிருப்பார்கள். அது நழுவிக் காய்ந்த இலைக் குவியலில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம் வெட்டுகிற கை, பார்த்துப் பார்த்தா எடுக்கும்? தடவித்தான் எடுக்கும்.

என் பயிற்சி நோட்டில் கருநாகக் கடிக்கு ஆறு அறிகுறிகள் எழுதியிருந்தேன். வீக்கம். தோல் நிறம் மாறுதல், கொப்புளம். இமை தொங்குதல். நாக்குக் குழறுதல். எச்சில் வடிதல். தூக்கக் கலக்கம். அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறும் இருந்தன. பென்சிலால் ஆறு டிக் போட்டேன். போட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது.

"இது என்னா நாத்தம், மண்டோர் அண்ணே?"

"மருந்துத் தண்ணி மிஸ்ஸி. முழுப் புட்டியும் ஊத்திட்டேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

மங்கில் விழுகிற பால் சீக்கிரம் உறைந்துவிடாமல் இருக்க, வெட்டுக்காரர்கள் அதில் சில சொட்டு அம்மோனியா விடுவார்கள். மண்டோரின் சைக்கிளில் எப்போதும் இரண்டு புட்டி தொங்கும்.

"கையில எதுக்கு ஊத்துனீங்க?"

"பால் உறையாம இருக்க எத ஊத்துறோம் மிஸ்ஸி?"

"அம்மோனியா."

"வெசம் ஏறுனா ரத்தம் என்னாகும்? உறைஞ்சிரும். அப்ப எத ஊத்தணும்?"

அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். இரண்டு வருடப் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. இருபது வருடம் ரப்பர் பாலைப் பார்த்த மனிதர், தனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானத்தை வைத்து மிகச் சரியாக யோசித்திருக்கிறார். தப்பு ஒன்றே ஒன்றுதான்: அக்கா ரப்பர் மரம் இல்லை.

"தோலு வெந்துபோச்சுண்ணே," என்றேன். "தண்ணி கொண்டாங்க. நாலு வாளி."

கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தபோது என் பட்டியல் தலைகீழாக ஓடியது. வீக்கம், டியூபினால் வந்திருக்கலாம். கொப்புளம், அம்மோனியா. எச்சில் வடிவது, மிளகாய். பழைய லயம் இருந்த மேட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் ஊசி மிளகாய் அது. ஒன்றைக் கடித்தாலே காது அடைக்கும். நாக்குக் குழறுவது சம்சு. தூக்கக் கலக்கமும் சம்சு. இமை பாதி மூடியிருப்பது, அம்மோனியா நெடியில் கண் எரிந்து வந்த கண்ணீர். ஆறு அறிகுறிகளையும், பாம்பின் உதவி இல்லாமல், பதினான்காம் தீம்பாரிலேயே தயாரித்திருந்தார்கள். விஷம் உள்ளே போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். போகாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். எது எதுவென்று சொல்ல எனக்கு வழியில்லை.

"அக்கா, மேல பாருங்க. கூரையில எத்தன தகரம்?"

அக்கா தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினார். இமைகள் உயர்ந்தன. "பதினொண்ணு. ஒண்ணு ஓட்டை."

சரிதான். கட்டுகளை ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். கையைப் பலகையில் வைத்து அசையாமல் சுற்றினேன். பிறகு, எல்லோரும் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த விஷயத்தைக் கேட்டேன். "என்னா பாம்பு?"

"ராஜநாகம் மிஸ்ஸி," என்றார் மண்டோர். "பன்னெண்டு அடி."

"பன்னெண்டு அடிப் பாம்பு பால் வாளிக்குள்ள எப்படிண்ணே போகும்?"

"சுருண்டுக்கிச்சு."

"ரெண்டு முழம்தான் மிஸ்ஸி இருக்கும்," என்றார் நாத்தனார். "கறுப்பு. இல்ல, கரும்பச்சை. நான் எங்க பாத்தேன், கண்ண மூடிக்கிட்டுல்ல கத்துனேன்."

"மஞ்சக் கோடு இருந்துச்சு," என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்து, "அது என் பாவாடைக் கரையோ என்னமோ," என்றார்.

எது என்று தெரிந்தாக வேண்டும். கடித்தது சாரைப் பாம்பு என்றால் அக்கா படுத்துத் தூங்கலாம். கருநாகம் என்றால் சிரம்பானுக்குப் போயே ஆக வேண்டும். பாம்புக்கடி மருந்து அங்கேதான் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதுவே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆளை மயக்கிவிடும் மருந்து. எந்தப் பாம்பு என்று சொன்னால் டாக்டர் சீக்கிரம் முடிவெடுப்பார். பாம்பு நூறு அடி தூரத்தில் இருந்தது. நான் கேட்டுக்கு நடந்தேன். அக்காவைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். தனியாக விட்டால் பயமாக இருக்கிறதாம்.

காவல் கூண்டு என்பது மணல் மூட்டை அடுக்கிய சின்னப் பலகை அறை. ஜன்னலுக்குக் கோழிவலைக் கம்பி அடித்திருந்தது. மூத்த காவலர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும் மலாய்க்காரர், மணல் மூட்டைக்கு மேலே துப்பாக்கியோடு நின்றிருந்தார். இன்னொருவர் கேட்டின் அந்தப் பக்கம்.

"ஊலார், மிஸ்ஸி! ஹிடுப் லாகி லா!" பாம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மலாயில் கத்தினார். வாளியைத் திறந்தது அவர்தான். அதனால் கோபம் முழுவதும் மண்டோர் மேல்.

"சுடுறதுதானே?" என்றார் மண்டோர்.

"சுட்டா?" என்று தமிழுக்கு மாறினார் காவலர். "கேட்ல துப்பாக்கிச் சத்தம் கேட்டா எல்லா ஆளும் கீழ படுக்கும். துரை படுக்கும். அப்புறம் சோல்ஜர் வரும். பாம்புன்னு நான் சொன்னா நம்புமா?"

அது உண்மை. நான் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே மூலையில் ஒரு காகிதப் பெட்டி. கேட்டில் பறிமுதல் செய்த பால் டின்னும் சார்டின் டின்னும் அதில்தான் இருக்கும். டின்களுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று சுருண்டிருந்தது. அடி வாங்கிய இடத்தில் சிராய்ப்பு தெரிந்தது. மூன்றடிக்கு மேல் இருக்காது. என் நிழல் விழுந்ததும் அது எழுந்து படம் விரித்தது. நான் இன்னும் சரியாகப் பார்க்க முகத்தைக் கம்பி வலையின் பக்கம் கொண்டுபோனேன். என் நாலு மாதத்துத் தவறுகளில் இது இரண்டாவது.

சட்டென்று உலகம் மங்கியது. என் கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் பால் தெறித்ததுபோல் துளிகள்.

கண்ணாடியைக் கழற்றி எட்டப் பிடித்தேன். கன்னத்தில் பட்டதை நாத்தனார் வாளித் தண்ணீரால் கழுவிவிட்டார். கண்ணில் படவில்லை. வீட்டில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"கருநாகம்," என்றேன். "வெசத்தத் துப்புற வகை. சந்தேகமே இல்ல."

"எட்டரை மணிக்கு, எழுதிக்குங்க மிஸ்ஸி," என்றார் அக்கா பெஞ்சிலிருந்து. நான் எழுதத்தான் போனேன்.

அக்காவின் கணவர் தோட்டத்து லோரி டிரைவர். செய்தி கேட்டு லோரியைக் கேட்டுக்கே கொண்டுவந்து விட்டார். அதிகம் பேசாத மனிதர். எஞ்சினை அணைக்காமல் என்னையே பார்த்தார். ஆனால் நேரம் தப்பி வெளியே போகிற எந்த வண்டிக்கும் முதலில் ரந்தாவில் இருக்கும் போலீசுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் வழியில் நிறுத்துவார்கள், அல்லது சுடுவார்கள். போன் காவல் கூண்டுக்குள் சுவரில் இருந்தது. அதற்கு நேர் கீழே அந்தக் காகிதப் பெட்டி.

ஒரு பாம்பு, ஒரு போன், ஒரு லோரி. கம்பி போட்ட நாளிலிருந்து எங்களை யாரும் இவ்வளவு கச்சிதமாக அடைத்ததில்லை.

"நான் போயி எடுக்குறேன்," என்று எழுந்தார் அக்கா. "என்னத்தான் ஏற்கெனவே கடிச்சிடுச்சே. ரெண்டு தடவ கடிக்கவா போவுது?"

"உக்காருங்கக்கா!"

அப்போது நாத்தனார், மண்டோரின் சைக்கிளில் தொங்கிய இரண்டாவது புட்டியை எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, மூடியைத் திறந்து, கோழிவலை வழியாகப் பாதியை உள்ளே கொட்டினார். நெடி எங்களையே பத்தடி பின்னுக்குத் தள்ளியது. டின்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூண்டின் அடியில் இருந்த தண்ணீர் ஓட்டை வழியாகக் கருநாகம் வெளியே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. வாய்க்காலில் இறங்கி, முள்கம்பிக்கு அடியில் புகுந்து, ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது. எந்தச் சீட்டும் இல்லாமல், சோதனையும் இல்லாமல் அந்தக் கம்பியைத் தாண்டியதாக நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"பாத்தீங்களா மிஸ்ஸி?" என்றார் மண்டோர். "மருந்து வேலை செய்யுது."

காவலர் கண்ணீர் வடிய உள்ளே ஓடி, இருமலுக்கு நடுவே போன் பேசினார். ரந்தாவில் இருந்தவர்கள் என்ன நடக்கிறதென்று மூன்று முறை கேட்டார்களாம். பிறகு காவலர், உள்ளே நெடி தாங்காமல், துணைக்கு நானே வருகிறேன் என்று துப்பாக்கியோடு லோரியில் ஏறிக்கொண்டார்.

மம்பாவ் தாண்டும்வரை அக்கா பேசிக்கொண்டே வந்தார். பேசட்டும் என்று நானும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். நாக்கு ஓடுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. முன்னால் இருந்த கணவரைப் பலகையில் தட்டிக் கூப்பிட்டு, "கலியாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு வேகமா நீங்க வரல," என்றார். காவலர் விழுந்து விழுந்து சிரித்தார். டிரைவர் காது சிவந்தது பின்னாலிருந்து தெரிந்தது.

அந்தச் சாலையில் நான் யோசித்தது இது. பயிற்சியின்போது, எந்தப் பாம்பு மிக ஆபத்தானது என்று கேட்ட தேர்வுத் தாளில் விஷத்தின் வீரியத்தை வைத்து வரிசை எழுதி, முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் பயப்படுவது ராஜநாகத்துக்கு. ஆனால் அது காட்டில் இருக்கிறது. கம்பி போட்டபின் காட்டுப் பக்கம் போகிறவரே கிடையாது. மூன்று இடத்து லயங்களை ஒரே இடத்தில் சேர்த்தபோது மூன்று இடத்துக் குப்பையும் ஒரே இடத்தில், பதினான்காம் தீம்பார் ஓரத்தில், சேர்ந்தது. குப்பைக்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால் இந்தக் கருநாகம், நாங்கள் தினமும் கை வைக்கிற மங்குக்கு அடியில் வந்து படுத்தது. அது கடித்தபின், ஒரு மைல் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தைப் பாம்பு எடுத்துக்கொள்ளவில்லை. டியூப், மிளகாய், சம்சு, என் மூன்றாவது வரி, ஒரே கேட், எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. விஷம் அதனிடம் இருந்தது. ஆபத்தில் பெரும்பகுதி எங்களிடம் இருந்தது.

சிரம்பானில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கொப்புளம் எப்படி வந்தது?"

"அம்மோனியா, டாக்டர்."

"இந்தத் தழும்பு?"

"சைக்கிள் டியூப்."

"வாய் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"மிளகாய். ஐந்து."

"அப்ப பாம்பு என்னதாம்மா செஞ்சது?"

நான் இரண்டு பல் புள்ளிகளைக் காட்டினேன். அவர் அக்காவை மாலைவரை மணிக்கொரு முறை பார்த்தார். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. இமை விழவில்லை. பாம்பு மிகக் குறைவாகத்தான் விஷம் விட்டிருக்கிறது, மருந்து தேவையில்லை என்றார். அக்காவை ஒரு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார். உயிர் பற்றிய கவலை அன்றே தீர்ந்தது. கை பற்றிய கவலை தீரவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து, உள்ளே புண் ஆழமாக இருந்தது. எவ்வளவு பாம்பினால், எவ்வளவு அம்மோனியாவினால் என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஆறினாலும் விரல் மடங்குமா என்று ஆறினபின்தான் தெரியும்," என்றார்.

வெட்டுக் கத்தியை அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் பிடிக்க வேண்டும்.

தோட்டத்துக்குத் திரும்பியபின் ஆறு வாரம் தினமும் காலை பத்து மணிக்கு அக்கா வருவார். நான் புண்ணைக் கழுவிக் கட்டுவேன். தோல் மூடிய பிறகு, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருட்டி எலுமிச்சை அளவில் ஒரு பந்து செய்து கொடுத்தேன். காலையில் நூறு முறை, மாலையில் நூறு முறை அமுக்க வேண்டும். அக்கா எண்ணும்போது முப்பதுக்கு அடுத்தது ஐம்பது.

"நடுவுல எங்கக்கா போச்சு இருபது?"

"அது வீட்லயே அமுக்கிட்டேன் மிஸ்ஸி."

அவருடைய நிரையை அந்த வாரங்களில் நாத்தனார்தான் சேர்த்து வெட்டினார். அக்காவைப் புண்ணைவிட அது அதிகமாக வதைத்தது. ஒருநாள் தீம்பாருக்கே போய்ப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "என் மரத்தையெல்லாம் கோழி கொத்துன மாதிரி கொத்திப் போட்டிருக்கா மிஸ்ஸி. குடுங்க அந்தப் பந்த." அன்றிலிருந்து எண்ணிக்கை சரியாக வந்தது.

ஏழாவது வாரம் மண்டோர் ஒரு மழுங்கிய கத்தி கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிடியில் பழைய டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தார். விரல் முழுவதும் மடங்காவிட்டாலும் பிடி வழுக்காமல் நிற்கும். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். மிக நல்ல யோசனை. அவரிடம் அப்படியே சொன்னேன். "எல்லாம் ரப்பர்தான் மிஸ்ஸி," என்றார்.

ஒன்பதாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, கேட் திறந்ததும் நானும் வெட்டுக்காரர்களோடு பதினான்காம் தீம்பாருக்குப் போனேன். காவலர் என் பையைச் சோதித்துவிட்டு, "வாளி இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். அக்கா முதல் மரத்தின் முன்னால் நின்றார். மங்கு கீழே விழுந்து கிடந்தது. நாத்தனார் குச்சியால் அதை இரண்டு முறை தட்டி, புரட்டி, அடியில் ஒன்றுமில்லை என்று பார்த்து, எடுத்து மாட்டினார். அக்கா முந்தைய வெட்டுக் கோட்டில் உறைந்திருந்த பாலை உரித்தார். கத்தியை வைத்தார். கட்டை விரல் முழுவதும் வளையவில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். இழுத்தார்.

சீவல் முதலில் தடித்து, பிறகு மெலிந்து, கடைசியில் வெற்றிலைபோல் விழுந்தது. கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்று சேர்ந்து, ஓரத்தில் வழியாமல் நேராகக் கீழே ஓடி மங்கில் சொட்டின. அக்கா மரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னார்: "இப்படித்தான் வெட்டணும். கண்ணத் தொறந்து பாத்துக்க."

இரண்டு வருடம் ஆகிறது. இன்றைய நிலைமை இதுதான்.

அக்கா அதே நிரையை வெட்டுகிறார். கட்டை விரல் முழுவதும் மடங்குவதில்லை, மழை நாளில் வலிக்கிறது என்கிறார், வேகம் கொஞ்சம் குறைவு. துரை இன்னும் அவருடைய மரங்களைத்தான் காட்டுகிறார். ஆஸ்பத்திரிக் கதவில் பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டியிருக்கிறேன்: விழுந்த மங்கைக் குச்சியால் புரட்டிவிட்டு எடு, கடித்தால் கையையோ காலையோ ஆட்டாமல் உடனே வா, எதையும் ஊற்றாதே, எதையும் தின்னக் கொடுக்காதே, பாம்பைத் தேடாதே. கட்டுப் போடுவது பற்றி டிரெஸ்ஸர் ஐயாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதனால் அது தாளில் இல்லை. கடிபட்டவர் வந்தால் கேட்டில் சோதனை கிடையாது என்று மூத்த காவலர் ஏற்பாடு செய்திருக்கிறார். அதன்பின் இரண்டு பேர் கடிபட்டார்கள். இரண்டு பேரும் அரைமணி நேரத்துக்குள் வந்தார்கள், இரண்டு பேரும் நலம். குப்பை மேட்டை வாரம் ஒருமுறை எரிக்கிறார்கள். மண்டோர் அம்மோனியாவை இன்னும் நம்புகிறார், ஆனால் பாம்பு இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் ஊற்றுகிறார். கம்பி அப்படியே இருக்கிறது. நான் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அந்தக் கருநாகத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.